கடைசி நாட்களின் கணக்கு: ரங்கூன் முதல் யாங்கோன் வரை

சென்ற மாதம் ஞாயிறு ஒலிபரப்பில் அரை மணி நேரம் பேசியதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதியிருக்கிறேன். நேரம் போதாமல் விட்டுப்போனவற்றையும் சேர்த்திருக்கிறேன். நிகழ்ச்சி முடிந்ததும் தொலைபேசியில் பேசியவர்களில் பலர், குறிப்பாகப் பர்மாவிலிருந்து வந்த குடும்பத்தினர், "இதை எழுத்தில் கொடுங்கள், வீட்டில் எடுத்து வைத்துக்கொள்கிறோம்" என்று கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இது.

2019 செப்டம்பரில் ஒரு நாள் இரவு, யாங்கோனிலிருந்து என் அத்தை மகள் பேசினார். 1965-ல் எங்கள் குடும்பம் கப்பலேறி வந்தபோது அப்பாவின் அக்காள் மட்டும் அங்கேயே தங்கிவிட்டார். பர்மியரைத் திருமணம் செய்துகொண்டவர் அவர். அந்த அத்தைக்கு அப்போது 87 வயது. மார்பில் வந்த புற்றுநோய் எலும்பு வரை பரவிவிட்டது. மருத்துவமனையில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். "தம்பி, வீட்ல வச்சுப் பாக்க முடியல. ராத்திரியெல்லாம் கத்துறாங்க. ரெண்டு எடம் சொல்றாங்க. எது நல்ல எடம்னு எனக்குத் தெரியல. நீ கணக்குப் பாக்குறவன்தானே, வந்து பாத்துச் சொல்லு" என்றார்.

முப்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன், தணிக்கைக்கு உதவுகிறேன். ஆலை, கடை, கோயில், பள்ளிக்கூடம் என்று எத்தனையோ இடங்களின் புத்தகங்களைப் புரட்டியிருக்கிறேன். ஆனால் சாகப்போகிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் இடம் நல்லதா கெட்டதா என்று எதை வைத்துச் சொல்வது? மருத்துவமனை என்றால் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று பார்க்கலாம். இங்கே எல்லோரும் இறக்கத்தான் போகிறார்கள். அந்தக் கேள்வியோடு கொல்கத்தா வழியாக யாங்கோன் போனேன். அங்கே நான் பார்த்ததையும், நான் செய்த ஒரு பிழையையும் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் அந்த ஊரின் பழைய கதை கொஞ்சம்.

நம் தாத்தாமார்கள் போய் இறங்கிய ரங்கூன் பாதிக்கு மேல் இந்திய ஊர். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ரங்கூனில் இருந்தவர்கள் 4,00,415 பேர். அதில் இந்தியர்கள் 2,12,929 பேர். பெரும்பாலோர் ஆண்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்து துறைமுகத்திலும், அரிசி ஆலைகளிலும், ரிக்‌ஷா இழுத்தும் பிழைத்தவர்கள். ஒரு அறையில் முறை வைத்துத் தூங்கியவர்கள். அப்படிப்பட்டவன் படுத்துவிட்டால் பார்க்க ஆளில்லை. கூட இருப்பவன் வேலைக்குப் போகாவிட்டால் அவனுக்கும் சோறில்லை.

இந்த நிலையில்தான் தரும ஆஸ்பத்திரிகள் வந்தன. 1921-ல் ராமகிருஷ்ண மிஷன் சேவாசிரமம் ரங்கூனில் தொடங்கியது. சாதி, மதம், நாடு பார்க்காமல் இலவசமாகச் சேர்த்துக்கொண்டார்கள். காலப்போக்கில் அது ஊரின் பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒன்றாக வளர்ந்தது. 1937-ல் முஸ்லிம் இலவச மருத்துவமனை வந்தது. அங்கேயும் எல்லா மதத்தாருக்கும் கதவு திறந்திருந்தது. அது இன்றும் நடக்கிறது. ஆதரவற்ற முதியவர்களுக்குக் கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய இல்லம் அதற்கும் முன்பே இருந்தது. 1933-ல் டோ ஊ சூன் என்ற பர்மியப் பெண்மணி ஹ்னின்சிகோன் முதியோர் இல்லத்தைத் தொடங்கினார். இவற்றில் எதற்கும் 'ஹாஸ்பிஸ்' என்று பெயரில்லை. ஆனால் அந்த வேலையில் ஒரு பகுதியை இவை எல்லாமே செய்தன.

என் தாத்தா சேவாசிரமத்தில்தான் இறந்தார், 1940-ல். ஆற்றங்கரை அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். வயிற்றில் கட்டி. அப்பாவுக்கு அப்போது ஐந்து வயது. அப்பத்தா கடைசிவரை அந்த ஆஸ்பத்திரியை நன்றியோடுதான் சொல்வார். வைத்தியத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை. "கேட்டப்பல்லாம் தண்ணி குடுத்தாக. பேரச் சொல்லிக் கூப்டாக. கூலின்னு யாரும் கூப்புடல" என்பார். "வலிக்கு என்ன குடுத்தாங்க?" என்று நான் கல்லூரி நாட்களில் ஒருமுறை கேட்டேன். அப்பத்தா என்னை விநோதமாகப் பார்த்தார். வலிக்கு ஏதாவது கொடுப்பார்கள் என்பதே அவருக்குத் தெரியாது.

அந்தக் காலத்து மருத்துவமனை அறிக்கைகளைப் பார்த்தால் நமக்குப் பழகிய கணக்குப் புத்தகம் மாதிரியே இருக்கும். குணமானவர்கள் இத்தனை, ஓரளவு தேறியவர்கள் இத்தனை, இறந்தவர்கள் இத்தனை என்று கட்டம் கட்டமாக எழுதுவார்கள். இறப்பு என்பது நஷ்டக் கணக்கில் ஒரு வரி, அவ்வளவுதான். அந்த வரிக்குள் வருகிறவர் எப்படி இறந்தார், வலியோடா வலியில்லாமலா, தனியாகவா பக்கத்தில் ஆளோடா என்பதற்குக் கட்டமே கிடையாது. இதை அந்த மருத்துவமனைகளின் குறையாகச் சொல்லவில்லை. உலகம் முழுக்கவே அப்படித்தான் இருந்தது.

பிறகு நடந்தது நம் எல்லோருக்கும் தெரியும். 1942-ல் ஜப்பானியர் வந்தபோது நடந்தே இந்தியா வந்தவர்கள் உண்டு, வழியில் இறந்தவர்கள் உண்டு. 1964-ல் நே வின் அரசு கடைகளைத் தேசியமயமாக்கியது. 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்றது. ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவான பேர் தமிழ்நாட்டில் வந்து இறங்கினார்கள். வியாசர்பாடியிலும் மற்றக் காலனிகளிலும் குடியேறிய கதையை இந்த மலரில் பலர் எழுதிவிட்டார்கள், நான் மறுபடி எழுதவில்லை. சேவாசிரம ஆஸ்பத்திரியையும் 1960-களின் நடுவில் அரசு எடுத்துக்கொண்டது. இன்று அது கிழக்கு யாங்கோன் பொது மருத்துவமனை.

நாம் கப்பலேறிய அதே காலத்தில்தான் லண்டனில் வேறொன்று நடந்தது. அதன் தொடக்கத்திலும் ஒரு அகதி இருக்கிறார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. டேவிட் டாஸ்மா என்பவர் போலந்திலிருந்து வந்த யூதர். உணவுவிடுதியில் பரிமாறுகிற வேலை. நாற்பது வயதிருக்கும், குடும்பம் இல்லை, புற்றுநோய். லண்டன் மருத்துவமனை ஒன்றில் 1948-ல் இறந்தார். அவரைப் பார்த்துக்கொண்ட சமூகப்பணியாளரின் பெயர் சிசிலி சாண்டர்ஸ். இப்படிப்பட்டவர்களுக்கென்று ஒரு இடம் வேண்டும் என்று இருவரும் பேசியிருக்கிறார்கள். டாஸ்மா தன்னிடமிருந்த 500 பவுனை அவருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார், அந்த இடத்தில் தானொரு ஜன்னலாக இருப்பேன் என்று சொல்லி. சாண்டர்ஸ் அதற்குப் பிறகு மருத்துவம் படித்து, டாக்டராகி, 1967-ல்தான் செயிண்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் திறந்தார். 500 பவுன் முதலுக்கு 19 வருடம் கழித்து வந்த வரவு அது.

சாண்டர்ஸ் கண்டதில் முக்கியமானது ஒன்று. வலி வந்து நோயாளி அலறிய பிறகு மருந்து கொடுக்கக் கூடாது. கடிகாரத்தைப் பார்த்து, வலி திரும்பி வருவதற்கு முன்பே, வாய்வழியாக மார்பின் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தால் நோயாளி மயங்கிக் கிடப்பதில்லை. உட்கார்ந்து பேசுகிறார், சாப்பிடுகிறார், பேரனுக்குப் புத்தி சொல்கிறார். இன்னொன்றும் சொன்னார். உடம்பு வலி, மன வேதனை, குடும்பக் கவலை, ஆத்ம வேதனை எல்லாம் சேர்ந்த ஒரே வலியாகத்தான் நோயாளி அதை அனுபவிக்கிறார் என்றார். அதுவரை இறப்பவரைப் பராமரிப்பது என்றால் தருமம் என்று மட்டுமே இருந்தது. அதற்கு இப்போது தரம் என்ற அளவும் வந்துவிட்டது. நல்ல மனசு இருந்தால் போதுமா, வேலை சரியாக நடக்கிறதா என்று கேட்கலாம் என்றாயிற்று.

அப்படிக் கேட்டபோது நம் பக்கத்தில் ஒரு பெரிய சர்ச்சை வந்தது. கொல்கத்தா காளி கோயிலை ஒட்டிய கட்டிடத்தில் அன்னை தெரசா 1952-ல் தொடங்கிய நிர்மல் ஹிருதய் இல்லத்தை 1994-ல் 'லான்செட்' மருத்துவ இதழின் ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ் போய்ப் பார்த்தார். யாரையும் திருப்பி அனுப்பாத குணத்தையும், சுத்தத்தையும், புண்ணுக்குக் கட்டுப்போடும் அக்கறையையும் பாராட்டினார். ஆனால் கடுமையான வலிக்கு உரிய மருந்து அங்கே இல்லை, குணப்படுத்தக்கூடிய நோயாளியையும் முடியாத நோயாளியையும் பிரித்துப் பார்க்கும் முறை இல்லை என்று எழுதினார். உலகமே வணங்கிய இடத்தைப் பற்றி இப்படி எழுதலாமா என்று பலருக்கு வருத்தம். அதே இதழுக்கு, இந்தியாவில் வலிதணிப்பு வேலை அறிந்த மூன்று பேர் பதில் எழுதினார்கள். அந்த நாட்டில் மார்பின் கிடைப்பதே அரிது, சட்டம் அப்படி, டாக்டர்களுக்குப் பயிற்சியும் இல்லை, அதைச் சேர்த்துப் பாருங்கள் என்றார்கள்.

என்னைக் கேட்டால் இரண்டு பேர் சொன்னதும் சரி. ஒரு இடத்தில் என்ன குறை என்பது ஒரு கேள்வி. அந்தக் குறைக்கு யார் பொறுப்பு என்பது வேறு கேள்வி. தணிக்கைக்காரர்கள் இதைப் பிரித்துப் பார்க்கப் பழகியவர்கள். சரக்கு இருப்பில் குறைகிறது என்றால் குறைகிறது என்றுதான் முதலில் எழுத வேண்டும். கொள்முதல் செய்ய முடியாததற்கு என்ன காரணம் என்பது அடுத்த பத்தி.

காரணம் உண்மையில் பெரியதுதான். 1985-ல் இந்தியாவில் போதைப்பொருள் சட்டம் வந்தது. மருந்தாகப் பயன்படுத்திய மார்பின் அந்த ஆண்டு ஏறக்குறைய 600 கிலோ. 1997-ல் அது 18 கிலோவாக இறங்கிவிட்டது. என் அப்பா 1998-ல் சென்னையில் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். ஊருக்குள் மார்பின் மாத்திரைக்காக நானும் தம்பியும் அலைந்த அலைச்சல் இப்போதும் நினைவிருக்கிறது. ஒரு மருத்துவமனையில், "எங்களிடம் உரிமம் இல்லை" என்று சொன்னவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதே சமயம் கோழிக்கோட்டில், 1993-லேயே டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் சேர்ந்து வலிதணிப்புச் சங்கம் தொடங்கி, வாய்வழி மார்பினை நோயாளி வீட்டுக்கே கொண்டுபோய்க் கொண்டிருந்தார்கள். 2008-ல் கேரள அரசு இதற்கென்று கொள்கையே அறிவித்தது. மத்தியச் சட்டம் 2014-ல் திருத்தப்பட்டது. ஒரு இரவு ரயில் தூரத்தில் மருந்து இருந்தது. எங்களுக்குச் சொல்ல ஆளில்லை.

பர்மாவின் கதை இன்னும் கொடுமை. வெள்ளைக்காரன் காலத்தில் ரங்கூனில் உரிமம் பெற்ற அபின் கடைகள் இருந்தன. இன்றும் ஷான் மலைகளில் அபின் விளைகிறது. 2023-ல் ஆப்கானிஸ்தானை முந்தி உலகிலேயே அதிகம் அபின் விளைவிக்கும் நாடாக மியான்மர் ஆனது என்று ஐ.நா. அலுவலகம் கணக்கிட்டது, சுமார் 1,080 டன். அபினிலிருந்துதான் மார்பின் எடுக்கிறார்கள். ஆனால் அந்த நாட்டு நோயாளிக்கு மார்பின் அரிது. 2017-ல் லான்செட் ஆணையம் ஒன்று வெளியிட்ட கணக்கில், உலகில் ஓர் ஆண்டுக்கு விநியோகமாகும் மார்பின் வகை மருந்துகள் 298.5 டன். மிக ஏழை நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போவது 0.1 டன். இப்படி ஒரு இருப்புநிலைக் குறிப்பை என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

நாடுகளை வரிசைப்படுத்தும் முயற்சியும் நடந்தது. 2010-ல் 'எகானமிஸ்ட்' பத்திரிகையின் ஆய்வுப் பிரிவு 40 நாடுகளை எடுத்து, எந்த நாட்டில் நல்லபடியாக இறக்க முடியும் என்று பட்டியல் போட்டது. இங்கிலாந்து முதலிடம், இந்தியா 40-வது. 2015-ல் 80 நாடுகள். இந்தியா 67, மியான்மர் 76. பராமரிப்பின் தரத்துக்கு 30 விழுக்காடு மதிப்பெண், சமூகப் பங்கேற்புக்கு 10 என்று பிரித்திருந்தார்கள். ஆராய்ச்சிக்கு உதவும்தான். ஆனால் முதலிடம் பெற்ற இங்கிலாந்தில் என்ன நடந்தது? லிவர்பூல் முறை என்று ஒன்று இருந்தது. ஹாஸ்பிஸில் நடக்கும் நல்ல பராமரிப்பைப் பெரிய மருத்துவமனைகளுக்கும் கொண்டுபோகப் படிவம் தயாரித்தார்கள். நாளடைவில் படிவத்தில் குறியிடுவதே வேலையாகிவிட்டது. தண்ணீர் கேட்டவருக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை என்று குடும்பங்கள் புகார் செய்தன. விசாரணைக் குழு சொன்னதன் பேரில் 2013-ல் அதைக் கைவிட முடிவெடுத்தார்கள். அமெரிக்காவில் 1982 சட்டப்படி ஹாஸ்பிஸுக்கு நாள் கணக்கில் அரசு பணம் தருகிறது. சீக்கிரம் இறக்கும் நோயாளியால் லாபமில்லை, நீண்ட நாள் இருப்பவரால்தான் லாபம் என்று சில நிறுவனங்கள் ஆள் தேர்ந்தெடுத்துச் சேர்க்கத் தொடங்கின. அங்கே 2015 முதல், இறந்தவரின் குடும்பத்தாரிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்கிறார்கள்: ராத்திரி கூப்பிட்டபோது யாராவது வந்தார்களா என்றும் அதில் உண்டு. என் அப்பத்தாவிடம் கேட்டிருந்தால் இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லியிருப்பார்.

சரி, யாங்கோனுக்கு வருகிறேன். அங்கே 1998-ல் ஊ ஹ்லா துன் பெயரால் புற்றுநோயாளிகளுக்கான ஹாஸ்பிஸ் அறக்கட்டளை தொடங்கியது. கடைசிக் கட்டத்தில் இருக்கும் ஏழைகளுக்கு அது பெரிய ஆறுதல். 2001-ல் இலவச ஈமச்சடங்குச் சங்கம் வந்தது. இதன் பிறப்பைக் கேட்டால் மனசு கலங்கும். திரைப்பட இயக்குநர் துக்கா மருத்துவமனையில் இருந்தபோது, அருகில் கிடந்த நோயாளியைப் பார்க்கவந்த குடும்பத்தார் திடீரென்று வராமல் போனார்களாம். அன்பில்லாமல் இல்லை, இறந்துவிட்டால் அடக்கம் செய்யப் பணமில்லை என்ற பயம். நடிகர் சோ து அவரோடு சேர்ந்துகொண்டார். புகழ்பெற்ற கதாநாயகன் பிணவண்டி ஓட்டினார். 2015-ல் அவருக்கு ராமோன் மக்சேசே விருது கிடைத்தது. இறப்பவரைப் பார்க்கும் இடம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அடுத்த நாள் செலவை நினைத்துக் குடும்பம் ஓடிப்போகிற ஊரில் அந்தத் தரத்துக்கு என்ன அர்த்தம் என்று இந்தச் சங்கத்தைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அத்தை மகள் சொன்ன இரண்டு இடங்களும் வேறு, சின்ன இல்லங்கள். பெயர் வேண்டாம். முதல் இடத்துக்குப் போனதும் எனக்குப் பிடித்துவிட்டது. தரை பளபளவென்று இருந்தது. நன்கொடையாளர் பலகை. சுவரில் தணிக்கை செய்த வரவுசெலவுக் கணக்கைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். ஒரு நோயாளிக்கு ஒரு நாள் செலவு எவ்வளவு என்றுகூடப் போட்டிருந்தது. இரண்டாவது இடம் பழைய மரவீடு. மழை ஒழுகும் மூலையில் வாளி வைத்திருந்தார்கள். கணக்குக் கேட்டதற்கு, பொறுப்பாளர் அம்மாள் சிரித்துக்கொண்டே ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து ரசீதுகளைக் காட்டினார். என் தொழில் புத்தி என்ன சொல்லும்? முதல் இடத்தையே சொன்னேன். அத்தையை அங்கே சேர்த்தோம்.

மூன்றாம் நாள் காலை அத்தை மகள் அழுதுகொண்டு வந்தார். இரவு முழுக்க வலி. மருந்து அலமாரியின் சாவி ஒரே ஒருவரிடம். அவர் மாலை 6 மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார். இரவில் இருந்த பெண் பாரசிட்டமால் கொடுத்துவிட்டு, காலையில் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அத்தையின் வலி எவ்வளவு என்று எங்கும் எழுதவில்லை. ஆனால் அவர் குடித்த கஞ்சி எத்தனை ரூபாய் என்று எழுதியிருந்தார்கள். கோபம் அவர்கள் மேல் வரவில்லை, என் மேல்தான் வந்தது. கணக்கு ஒழுங்காக இருப்பது ஒரு நல்ல அடையாளம், மறுக்கவில்லை. நன்கொடை வாங்கும் இடத்தில் அது கட்டாயம் வேண்டும். ஆனால் நான் பார்க்க வேண்டிய புத்தகம் வேறு; அதை நான் கேட்கவே இல்லை.

இரண்டாவது இடத்துக்கு மறுபடி போனேன். இந்த முறை நோயாளிகளின் நோட்டைக் கேட்டேன். பள்ளிப்பிள்ளைகள் எழுதும் கோடு போட்ட நோட்டு. நான்கு மணிக்கு ஒருமுறை, வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று நோயாளி சொன்ன எண், கொடுத்த மருந்து, கொடுத்தவர் கையெழுத்து. மார்பின் கொடுத்த ஒவ்வொருவருக்கும் பக்கத்திலேயே மலமிளக்கி எழுதியிருந்தது. இது சின்ன விஷயமாகத் தோன்றும். மார்பின் மலச்சிக்கலை உண்டாக்கும். விவரம் தெரிந்தவர்கள் இரண்டையும் சேர்த்தே தொடங்குவார்கள். ஒன்றை மட்டும் எழுதியிருந்தால் எங்கோ கேட்டதைச் செய்கிறார்கள் என்று பொருள். படுக்கும்போது இரட்டை அளவு கொடுத்து, நடுராத்திரி எழுப்பாமல் தூங்கவிடும் வழக்கமும் நோட்டில் தெரிந்தது. இரவில் சாவி யாரிடம் என்று கேட்டேன். இரவு நர்ஸ் கழுத்திலிருந்த கயிற்றை இழுத்துக் காட்டினார்.

சேர்ந்தவர்கள் எத்தனை நாள் இருக்கிறார்கள் என்றும் பார்த்தேன். பெரும்பாலோர் வந்த ஒரு வாரத்துக்குள் இறந்திருந்தார்கள். இது இல்லத்தின் குற்றமில்லை. மிகத் தாமதமாக அனுப்புகிறார்கள் என்பதற்கு அடையாளம். ஹாஸ்பிஸ் என்றால் சாவு வீடு என்று பயந்து தள்ளிப்போடுகிறோம். அத்தை மகளின் மகனுக்கும் அந்தப் பயம்: மார்பின் கொடுத்தால் பாட்டி சீக்கிரம் போய்விடுவார் என்றான். 2010-ல் பாஸ்டனில் வெளியான ஆய்வு ஒன்றை அவனுக்குச் சொன்னேன். நுரையீரல் புற்றுநோயாளிகளில் தொடக்கத்திலேயே வலிதணிப்புப் பராமரிப்பும் பெற்றவர்கள் சராசரி 11.6 மாதம் இருந்தார்கள், பெறாதவர்கள் 8.9 மாதம்தான். ஆனால் அவன் பயம் முழுக்க ஆதாரமில்லாதது என்றும் சொல்லமாட்டேன். இங்கிலாந்தில் காஸ்போர்ட் மருத்துவமனையில் 1989 முதல் 2000 வரை, தேவையில்லாமல் இந்த வகை மருந்து கொடுத்ததால் 456 பேரின் ஆயுள் குறைந்தது என்று 2018 அறிக்கை சொல்கிறது. அதனால்தான் நோட்டு வேண்டும், ஏன் கொடுத்தோம் என்ற வரி வேண்டும், குடும்பத்தார் கேட்டால் காட்ட வேண்டும். காட்டத் தயங்கும் இடத்தில் எனக்கு நம்பிக்கை வராது.

இன்னொன்று, இது நம்மைப் போன்ற குடும்பங்களுக்கே உரியது. இலங்கையிலிருந்து வந்து நம் வானொலியைக் கேட்கும் அன்பர்களும் இதை யோசித்துப் பார்க்கவும். அறுபது வருடம் பர்மிய மொழியிலேயே குடும்பம் நடத்திய அத்தை, கடைசி மாதத்தில் தமிழுக்குத் திரும்பிவிட்டார். பேத்திக்குப் புரியவில்லை. முதல் இடத்தில் அவர் பிதற்றுவதாக எழுதிவைத்திருந்தார்கள். அவர் பிதற்றவில்லை, "காலு பக்கம் மடிச்சு விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாவது இடத்தில் பெருக்கித் துடைக்கும் பெண்மணி மூன்றாம் தலைமுறைத் தமிழச்சி. அரைகுறைத் தமிழ்தான். நோயாளி வந்த அன்றே பொறுப்பாளர் அவரை அழைத்து, இவர் என்ன மொழி பேசுகிறார், என்ன சாமி கும்பிடுகிறார், என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொன்னார். அத்தை புத்தரையும் கும்பிட்டார், முருகனையும் கும்பிட்டார். இரண்டையும் எழுதினார்கள். ரசம் என்ற சொல்லைப் பர்மிய எழுத்தில் அன்றுதான் பார்த்தேன்.

அத்தை அந்த மரவீட்டில் 19 நாள் இருந்தார். நான் ஆறாம் நாள் கிளம்ப வேண்டியிருந்தது. கிளம்பும்போது வலி எண் 2. என்னைப் பார்த்து, "உங்கப்பன் மாதிரியே மெலிஞ்சு போயிருக்க, சாப்புடு" என்றார். அவர் இறந்த பிறகு இலவச ஈமச்சடங்குச் சங்கத்தின் வண்டிதான் யேவே சுடுகாட்டுக்குக் கொண்டுபோனது. மறு மாதம் அந்த இல்லத்திலிருந்து பொறுப்பாளரும் இரவு நர்ஸும் அத்தை மகள் வீட்டுக்கு வந்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்களாம். அதற்குக் கட்டணம் கிடையாது. எந்தக் கணக்கிலும் வராது.

2021 பிப்ரவரி 1-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. டாக்டர்களும் நர்ஸுகளும் ஆயிரக்கணக்கில் அரசு வேலையை விட்டு வெளியேறினார்கள். அந்த ஜூலையில் கொரோனா அலையில் ஆக்சிஜன் சிலிண்டருக்கு யாங்கோன் தெருக்களில் மக்கள் வரிசையில் நின்றார்கள். மரவீட்டு இல்லம் அந்த ஆண்டு மூடிவிட்டது என்று அத்தை மகள் சொன்னார். இரவு நர்ஸ் இப்போது தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறாராம், அதே கோடு போட்ட நோட்டோடு.

நான் அங்கே கேட்ட கேள்விகளையும், முதல் நாளே கேட்டிருக்க வேண்டியவற்றையும் ஒரு தாளில் எழுதி, அத்தை மகளைக் கொண்டு பர்மிய மொழியிலும் எழுதி வாங்கியிருக்கிறேன். இரவில் சாவி யாரிடம் என்பதுதான் அதில் முதல் கேள்வி. பிரதி வேண்டுபவர்கள் சனிக்கிழமை மாலையில் நிலையத்துக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் யாராவது இந்த நிலையில் இருந்தால் சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், தொலைபேசியில் கூப்பிடுங்கள், படித்துச் சொல்கிறோம்.